மேலிடத்துக்கு மட்டும் தெரியாத ஆள்: பெரிய முதலாளிகளும் சைக்கோபத் குணங்களும்

ஐந்து சிஇஓ-க்களில் ஒருவர் சைக்கோபத் என்ற செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வரும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் அதைப் படித்து யாரும் அதிர்ந்துபோவதில்லை. "இதுக்கு ஆராய்ச்சி வேற வேணுமா?" என்று ஒருவர் கேட்பார். உடனே பழைய தோட்டத்து மண்டோர் (வேலையாட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர்), செம்பனைக் குத்தகைக்காரர், லோரி கம்பெனி முதலாளி, ஈப்போவில் யாரோ ஒரு மேனேஜர் என்று வரிசையாக ஆட்கள் வந்து விழுவார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு சரியில்லை.

2016-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கிளப்பிவிட்ட கணக்கு அது. அவர்கள் ஆராய்ந்தது 261 பேரை. அந்த 261 பேரும் சிஇஓ-க்கள் கிடையாது, சரக்கு வாங்கி அனுப்பும் துறையில் வேலை பார்க்கிற நிர்வாகத்தினர். அவர்களில் 21 விழுக்காட்டினரிடம் இந்தக் குணங்கள் தூக்கலாக இருப்பதாகச் சொன்னார்கள், பத்திரிகைகள் அதை "ஐந்தில் ஒரு முதலாளி" என்று மாற்றிப் போட்டன, உலகமே பகிர்ந்தது. அப்புறம் அந்த ஆய்வுக் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அந்தச் செய்தி மட்டும் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேரவில்லை.

கொஞ்சம் நம்பக்கூடிய கணக்கு 2010-ல் வந்தது. பால் பாபியாக், கிரெய்க் நியூமன், ராபர்ட் ஹேர் மூவரும் ஏழு கம்பெனிகளில் 203 பேரைச் சோதித்தார்கள். எல்லாரும் "இவர் நாளைக்கு மேலே வருவார்" என்று கம்பெனியே பொறுக்கி எடுத்துப் பயிற்சிக்கு அனுப்பிய ஆட்கள். அதில் எட்டுப் பேர் சைக்கோபத் என்று சொல்லத்தக்க மதிப்பெண் எடுத்தார்கள், கிட்டத்தட்ட 4 விழுக்காடு. பொதுமக்களிடையே இது சுமார் 1 விழுக்காடு என்பார்கள், வட அமெரிக்கச் சிறைகளில் 15 முதல் 25 விழுக்காடு வரை போகும். ஆக நாலு மடங்கு. ஆனால் அந்த நாலு மடங்கும் எட்டே எட்டுப் பேரின் தலையில்தான் நிற்கிறது, அந்த 203 பேரும் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கல் முறையில் எடுத்தவர்களும் இல்லை. "அதிகமாக இருக்கலாம்" என்பதற்கு மேல் இதை வைத்து ஒன்றும் சத்தமாகச் சொல்ல முடியாது.

எனக்கு அந்த ஆய்வில் விழுக்காட்டைவிட வேறொரு விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிவிடலாம், ஏனென்றால் நம்மிடையே சைக்கோ என்றால் கத்தியோடு இருட்டில் நிற்கிறவன், அல்லது புத்தி பேதலித்தவன். சைக்கோபத் அப்படிப் பேதலித்தவன் இல்லை. காதில் குரல் கேட்காது, இல்லாதது கண்ணில் தெரியாது. கணக்கில் கெட்டி, பேச்சில் கெட்டி. மற்றவனுடைய வலியும் பயமும் அவனைத் தொடுவதில்லை, செய்த காரியத்துக்குக் குற்ற உணர்ச்சி வருவதில்லை, அவ்வளவுதான். 1941-லேயே ஹெர்வி கிளெக்லி என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதைப் புத்தகமாக எழுதினார். ஜெயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தவர்களோடு, வெளியில் நல்ல பெயரோடு நடமாடும் வியாபாரியையும் டாக்டரையும்கூட அதில் சேர்த்திருந்தார்.

அதற்கு அளவுகோல் செய்து கொடுத்தவர் மேலே சொன்ன ராபர்ட் ஹேர், கனடாக்காரர், சிறையில் உளவியலாளராக வேலையைத் தொடங்கியவர். 20 குணங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30-ஐத் தொட்டால் சைக்கோபத் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த 20-ம் இரண்டு பெரிய கட்டாகப் பிரியும். ஒரு பக்கம் மேலோட்டமான வசீகரம், தன்னைப் பற்றிய பெரிய நினைப்பு, சரளமான பொய், பிறரை ஆட்டி வைப்பது, இரக்கமின்மை. இன்னொரு பக்கம் முன்கோபம், பொறுப்பில்லாமல் அலைவது, சின்ன வயதிலிருந்தே தகராறு, சட்டத்தோடு மோதல். இரண்டாவது கட்டு அதிகமாக இருப்பவன் சீக்கிரமே மாட்டிக்கொள்வான், படிப்பைப் பாதியில் விடுவான், லோக்கப்புக்குப் போவான். முதல் கட்டு நிறைய இருந்து இரண்டாவது கொஞ்சமாக இருந்தால், கூடவே படிப்பும் நல்ல குடும்பமும் அமைந்துவிட்டால், அவனுக்கு ஆபிஸ்தான் தோதான இடம். இந்த மதிப்பெண்ணை நேர்காணல் செய்து, பழைய பதிவுகளைப் புரட்டி, பயிற்சி பெற்றவர்தான் போட வேண்டும். பசியாறும் கடையில் ரொட்டி சானாய் வரும் இடைவெளியில் கைத்தொலைபேசியில் போடுகிற மதிப்பெண்ணுக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

இரக்கமே இல்லாதவனால் எப்படி இவ்வளவு அன்பாகப் பேச முடிகிறது என்ற கேள்விக்கு 2013-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வாளர்கள் ஒரு நல்ல துப்புக் கொடுத்தார்கள். சைக்கோபத் என்று உறுதி செய்யப்பட்ட குற்றவாளிகளை மூளை ஸ்கேனில் படுக்க வைத்து, ஒரு கை இன்னொரு கையைத் தடவுவது, அடிப்பது, தள்ளிவிடுவது போன்ற சின்னச் சின்னப் படங்களைக் காட்டினார்கள். சும்மா பார்க்கச் சொன்னபோது மற்றவர்களுக்கு மூளையில் எழும் அதிர்வு இவர்களுக்குக் குறைவாகவே எழுந்தது. "அந்த ஆளுக்கு எப்படி இருக்கும் என்று உணர முயன்று பார்" என்று சொன்னவுடன் அந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துபோனது. அதாவது இரக்கம் முழுசாகச் செத்துக் கிடக்கவில்லை, தானாக எழாது, வேண்டும்போது வரவழைத்துக்கொள்ளலாம். நமக்கு அது தானாக வந்து தொலைக்கிறது, வேண்டாம் என்றாலும் நிறுத்த முடியாது. யோசித்துப் பாருங்கள், வியாபாரத்தில் இது எவ்வளவு பெரிய சௌகரியம்!

எங்கள் மாமா ஒருவர் ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம், செம்பனைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் குத்தகை அவருக்கு. அவருடைய வேலையாள் ஒருவர் லோரி விபத்தில் இறந்துபோனார். துக்க வீட்டுக்கு முதலாளி போனார். செருப்பைத் தெருவிலேயே கழற்றினார், இறந்தவரின் அம்மா பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தார், அந்தம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "இனிமே நான்தாம்மா உங்களுக்கு மகன்" என்று சொல்லி அழுதார். பொய்க் கண்ணீர் இல்லை என்று மாமா சொல்வார், சட்டை நனைந்திருந்ததாம். பந்தலில் இருந்த எல்லாரும் கலங்கிப்போனார்கள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே கூட வந்த கிராணியிடம் (ஆபிஸ் எழுத்தர்), "இன்னிக்கே அந்தம்மாகிட்ட கையெழுத்து வாங்கிடு. நாளைக்கு அது தம்பி கேஎல்-லேர்ந்து வந்துருவான், அவன் வெவரமானவன்" என்றார். இறந்தவருக்கு சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா, கட்டியிருக்கவில்லை. முச்சந்தி தாண்டுவதற்குள், "பசியாறிட்டுப் போவமா?" என்று மாமாவைக் கேட்டாராம்.

அவர் சைக்கோபத்தா? எனக்குத் தெரியாது, சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. நான் கவனிக்கச் சொல்வது யார் எதைப் பார்த்தார்கள் என்பதை. பந்தலில் இருந்த ஊர்ப் பெரியவர்கள் ஒரு நல்ல மனிதரைப் பார்த்தார்கள். காரில் இருந்த இரண்டு பேர் வேறொருவரைப் பார்த்தார்கள். அந்த இரண்டு பேரிடமும் எந்தக் கம்பெனியும், எந்த பேங்கும், எந்தச் சங்கமும் அவரைப் பற்றி அபிப்பிராயம் கேட்கப் போவதில்லை.

இப்போது பாபியாக் ஆய்வில் எனக்குப் பெரிதாகப் பட்ட விஷயத்துக்கு வரலாம். சைக்கோபத் மதிப்பெண் கூடக் கூட, அந்த ஆளைக் கம்பெனி பார்த்த விதத்தில் ஒரு பிளவு தெரிந்தது. நன்றாகப் பேசுகிறார், புதுசாக யோசிக்கிறார், தூரத்துத் திட்டம் போடுகிறார் என்ற இடங்களில் அவருக்கு நல்ல மதிப்பீடு. ஆட்களை நடத்துவது, மற்றவரோடு சேர்ந்து வேலை செய்வது, உண்மையில் செய்து முடித்தது என்ற இடங்களில் மட்டமான மதிப்பீடு. வேலை மட்டம் என்று கம்பெனியின் கோப்பிலேயே எழுதியிருக்கிறது, இருந்தாலும் ஆள் பதவி உயர்வுப் பட்டியலில் இருக்கிறார், சிலர் துணைத் தலைவர், இயக்குநர் என்று ஏற்கெனவே உட்கார்ந்தும் விட்டார்கள். பேச்சு வேலையை ஜெயித்துவிட்டது.

பாபியாக்கும் ஹேரும் 2006-ல் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் இது எப்படி நடக்கிறது என்று விவரிக்கிறார்கள். புதிதாக வந்தவன் முதலில் யாருக்கு அதிகாரம், யார் உபயோகம் என்று நோட்டம் பார்ப்பான். மேலே ஒன்றிரண்டு பெரிய தலைகளைப் பிடித்துக்கொள்வான், அவர்கள்தான் பின்னால் அவனைக் காப்பாற்றப் போகிறவர்கள். பக்கத்தில் இருக்கிறவர்களின் உழைப்பையும் பேரையும் உபயோகப்படுத்திக்கொள்வான். தேவை தீர்ந்ததும் கழற்றிவிடுவான். அவனுக்கு எந்த உபயோகமும் இல்லாத ஆட்கள் முன்னால் மட்டும் வேஷம் போட மெனக்கெட மாட்டான், அதனால் அவனை முதலில் கண்டுகொள்கிறவர்களும் அந்த மாதிரி ஓரத்தில் இருப்பவர்கள்தான். கணக்குத் தணிக்கை செய்கிறவர்களுக்கும் ஆள் விவகாரம் பார்க்கிறவர்களுக்கும் சீக்கிரம் மூக்கில் வியர்க்கும், ஆனால் அவர்கள் போய்ச் சொல்லும்போது மேலிடத்தில் அவனுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரிய துரை பங்களாவில், சின்ன துரை மோட்டார் சைக்கிளில், கிராணி ஆபிஸில், மண்டோர் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில், கடைசியில் ரப்பர் பால் வெட்டுக்காரர்கள். துரைக்குத் தெரிந்த மண்டோர் வேறு, விடியற்காலை ஐந்தரை மணிப் பெரட்டில் காய்ச்சலோடு நிற்கும் பெண்ணுக்குத் தெரிந்த மண்டோர் வேறு. துரையிடம் போகும்போது தொப்பி கைக்கு வந்துவிடும், குரல் இறங்கிவிடும், கணக்கு சுத்தமாக இருக்கும். மண்டோரை நியமிப்பவர் துரை, அவரிடம் அடி வாங்குவது வெட்டுக்காரர்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆளின் குணம் என்று நாம் நினைப்பதில் பாதி, நாற்காலி கொடுத்த குணமாக இருக்கும். பழைய கங்காணி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கங்காணி தமிழ்நாட்டில் தன் ஊருக்கே போய் ஆள் பிடித்துக்கொண்டு வருவார், தலைக்கு இவ்வளவு என்று தரகு. அதோடு முடியவில்லை, அவருடைய ஆட்களில் தினமும் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்கும் ஆளுக்கு இத்தனை காசு என்று அவருக்குத் தனியாக உண்டு. காய்ச்சல்காரன் லயத்தில் படுத்தால் கங்காணிக்கு நஷ்டம். இரக்கப்பட்டவருக்கு வருமானம் குறைந்தது, விரட்டியவருக்குக் கூடியது. 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தும்வரை ஆள்கட்டு இப்படித்தான் நடந்தது. அத்தனை கங்காணிகளும் பிறவியிலேயே கல்நெஞ்சர்களா என்ன? பாதிப் பேர் அந்த ஆட்களுக்கே சொந்தக்காரர்கள். கூலி கணக்கிட்ட விதமே அப்படி ஒரு ஆளைச் செய்து கொடுத்தது, ஏற்கெனவே அப்படிப்பட்டவனாக இருந்தால் அவனுக்கு வாழ்வு.

இன்றைய பங்குச் சந்தைக் கம்பெனிகளில் கூலிக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இதற்கு ஆல் டன்லப் கதையைத்தான் உலகம் முழுக்கச் சொல்வார்கள். ஸ்காட் பேப்பர் என்ற காகிதக் கம்பெனிக்கு 1994-ல் தலைவராக வந்து 11,000 பேருக்கு மேல் வேலையை விட்டுத் தூக்கினார், அடுத்த வருடமே கம்பெனியை விற்றுவிட்டு கிட்டத்தட்ட 10 கோடி டாலரோடு வெளியே வந்தார். "ரம்பம்" என்று பட்டப்பெயர். 1996-ல் சன்பீம் கம்பெனி அவரைத் தலைவராக்குகிறது என்று அறிவித்த அன்று, அதாவது அவர் நாற்காலியில் உட்காரும் முன்பே, பங்கு விலை ஏறக்குறைய 50 விழுக்காடு எகிறியது. அங்கே இருந்த 12,000 பேரில் பாதிப் பேரைக் குறைக்கப் போவதாகச் சொன்னார். லாபம் ஏறியது, கைத்தட்டல், பத்திரிகை அட்டைகள். பிறகுதான் அந்த லாபத்தின் லட்சணம் தெரிந்தது: வெளியில் வைத்து இறைச்சி சுடும் அடுப்பைக் குளிர்காலத்திலேயே கடைக்காரர்களுக்கு விற்றதாகக் கணக்கெழுதி, சரக்கைக் கிடங்கிலேயே வைத்திருந்தார்கள். 1998-ல் இயக்குநர்கள் அவரை வெளியேற்றினார்கள். 2001-ல் சன்பீம் திவாலானது. 2002-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தோடு, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 5 லட்சம் டாலர் கட்டி, இனி எந்தப் பொதுப்பங்குக் கம்பெனிக்கும் நிர்வாகியாக வரமாட்டேன் என்று ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டார்.

டன்லப்பையும் நான் சைக்கோபத் என்று சொல்லவில்லை. அந்த 50 விழுக்காட்டைப் பாருங்கள் என்கிறேன். கித்தாக் காட்டை, அதாவது ரப்பர் தோட்டத்தை, அழித்துச் செம்பனை போட முடிவு செய்துவிட்டால் கடைசி ஒன்றிரண்டு வருடம் மரத்தைக் கண்டபடி வெட்டிப் பால் எடுப்பார்கள், மருந்தும் தடவுவார்கள், கீழ்ப்பட்டை மேல்பட்டை எதுவும் மிஞ்சாது. அந்த வருடக் கணக்கை மட்டும் பார்க்கிற துரை, இவனைப்போல வெட்டு வாங்கத் தெரிந்த மண்டோர் உண்டா என்பார். சன்பீமில் நடந்தது அதுதான், மரத்தை அழிக்கப் போகிறோம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

சரி, ஒரு டன்லப்பை வைத்துக் கதை கட்டலாம், மொத்தமாகப் பார்த்தால்? 2019-ல் லான்டே, ஹார்ம்ஸ், கிரெடே மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளில் 92 மாதிரிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சைக்கோபத் குணம் ஒருவரைத் தலைவராக்குவதில் கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம் உதவுகிறது. தலைவரான பின் நன்றாகச் செயல்படுவதை அது சற்றுக் கெடுக்கிறது. இரண்டுமே பலவீனமான தொடர்புகள்தான், ஆனால் திசை எதிரெதிர். இதிலேயே ஆண் பெண் வித்தியாசம் வேறு: அதே குணம் ஆணிடம் இருந்தால் "தைரியசாலி" கணக்கில் போய்விடுகிறது, பெண்ணிடம் இருந்தால் மதிப்பைக் குறைத்துவிடுகிறது. இதை நம் வீட்டுப் பெண்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தார்களா என்று.

பணத்திலாவது கெட்டிக்காரர்களா என்றால், அதுவும் இல்லை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 101 அமெரிக்க முதலீட்டு நிதி மேலாளர்களின் பேட்டிக் காணொளிகளைப் பார்த்து, பேச்சிலும் முகத்திலும் இந்தக் குணம் எவ்வளவு தெரிகிறது என்று மதிப்பிட்டு, 2005 முதல் 2015 வரை அவர்கள் ஈட்டிய லாபத்தோடு ஒப்பிட்டார்கள். குணம் தூக்கலாக இருந்தவர்களின் லாபம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. "அவன் கல்லு மனசுக்காரன், அதான் காசு சேக்கிறான்" என்று நாம் சொல்லிக்கொள்கிற ஆறுதலுக்கு இது கொஞ்சம் இடிதான். 2008 நிதி நெருக்கடிக்கே இப்படிப்பட்டவர்கள்தான் காரணம் என்று கிளைவ் பாடி என்ற பிரிட்டிஷ் பேராசிரியர் 2011-ல் எழுதினார். கேட்க ருசியாக இருக்கிறது, ஆனால் கடன் விதிகளும் போனஸ் முறையும் செய்த வேலையை நாலு கெட்டவர்கள் தலையில் கட்டி முடித்துவிட முடியாது.

வசீகரமாகப் பேசுகிறவரை எல்லாம் சந்தேகப்படலாமா என்றால் எங்கள் ஊரே அதற்கு எதிர்ச் சாட்சி. மஇகா தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். 1950-களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் போட்டு விற்க, பாட்டாளிகள் வீடும் வேலையும் இழந்து நின்ற காலத்தில், தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசிப் பேசியே 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டினார். மாதம் பத்து வெள்ளி, நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு. அன்றைய பால்வெட்டுச் சம்பளத்தில் பத்து வெள்ளியைப் பிய்த்துக் கொடுக்க வைப்பதற்குப் பேச்சு சாதாரணமாக இருந்தால் நடக்காது. அந்தப் பணத்தில் முதலில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது, சங்கம் இன்றும் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கம் என்பதால் தணிக்கை உண்டு, ஆண்டுக் கூட்டம் உண்டு, பத்து வெள்ளி கட்டியவர் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். பேச்சுத் திறமை இரண்டு வகை ஆட்களிடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். கீழே இருப்பவன் கணக்குக் கேட்க வழி வைத்திருக்கிறாரா என்பதில்தான் ஆள் வித்தியாசப்படுகிறார்.

அதனால்தான் எனக்கு இந்த "முதலாளிகளுக்கு மூளைச் சோதனை வைக்க வேண்டும்" என்ற யோசனைகளில் நம்பிக்கை இல்லை. சோதனையில் என்ன சொன்னால் நல்ல பெயர் வரும் என்று கண்டுபிடிப்பதில்தான் அவர்கள் கெட்டிக்காரர்கள். அதைவிட, ஒருவரை மேலே தூக்கும் முன்னால் அவருக்குக் கீழே வேலை செய்து விலகிப் போன நாலு பேரைக் கூப்பிட்டு, பெயர் வெளியில் வராது என்று உறுதி கொடுத்து விசாரித்தால் போதும். எத்தனை பேர் விலகினார்கள், யார் பெயரில் போக வேண்டிய வேலை யார் பெயரில் போனது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பல கம்பெனிகள் சக ஊழியர், கீழ் ஊழியர் எல்லாரிடமும் படிவம் வாங்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்தப் படிவம் கடைசியில் அதே மேனேஜரின் மேசைக்குத்தான் போகும் என்று ஆபிஸில் காப்பி கொண்டுவரும் அக்காவுக்குக்கூடத் தெரிந்திருந்தால், யார் உண்மையை எழுதுவார்கள்?

இப்படிப்பட்டவரிடம் வேலை செய்கிறவர்களுக்குச் சில்லறையாகச் சில விஷயங்கள். அவரைத் திருத்த முயல வேண்டாம், "நான் எவ்வளவு கஷ்டப்படுறேன்னு சொன்னா புரிஞ்சுக்குவார்" என்று மனதைத் திறந்து கொட்டவும் வேண்டாம், கொட்டியது முழுக்க ஒருநாள் திரும்பி வரும். வாய்மொழி உத்தரவை வாட்ஸ்அப்பில் "நீங்க சொன்ன மாதிரி இன்னிக்கு இதச் செஞ்சிட்டேன் பாஸ்" என்று ஒரு வரி எழுதி அனுப்பி வையுங்கள். வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், துக்க வீட்டில் எந்தத் தாளிலும் போடாதீர்கள். ஊழியர் சேமநிதிச் சந்தா மாதாமாதம் ஏறுகிறதா என்று சேமநிதி வாரியத்தின் கைத்தொலைபேசிச் செயலியிலேயே பார்க்கலாம், சொக்சோவையும் அதன் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சம்பளச் சீட்டில் பிடித்திருக்கிறார்கள், அங்கே ஏறவில்லை என்றால், முதலாளி உங்களிடம் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் சரி, சீட்டைப் படமெடுத்துக்கொண்டு சேமநிதி அலுவலகத்துக்கோ தொழிலாளர் இலாகாவுக்கோ நேரே போங்கள்.